குறைமாதக் குழந்தை: செவிலியரிடம் நான் படித்த பாடம்

நான் டாக்டர் அல்ல. டிப்ளமா முடித்து, ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து, 2017இல் ஓய்வு பெற்றவன். தண்டவாளமும் ரிலேயும் தெரிந்தவனுக்குப் பச்சிளங் குழந்தை பற்றி என்ன தெரியும் என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான்.

2018இல் எங்கள் பேத்தி 32ஆவது வாரத்திலேயே, அதாவது நாள் கணக்குக்கு இரண்டு மாதம் முன்பே பிறந்துவிட்டாள். எடை 1,480 கிராம். ஒன்றரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைவிடக் கொஞ்சம் குறைவு. பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 22 நாட்கள் இருந்தாள். அந்த நாட்களில் பெரும்பாலும் கதவுக்கு வெளியேயும், அனுமதித்தபோது உள்ளேயும் நான் பார்த்தவற்றை, பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றோடு சேர்த்து எழுதுகிறேன். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் மூன்று தலைமுறையாக இருக்கும் நம்மவர் வீடுகளில் விவரம் சொல்லப் பெரியவர்கள் உண்டு. வேலைக்காக வந்து ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் தனிக்குடித்தனம் நடத்தும் இளம் தம்பதிகளுக்கு அது இல்லை. தவிர, விவரம் சொல்ல வந்த பெரியவனான நானே ஒரு பெரிய தவறு செய்ய இருந்தேன். அதையும் சொல்லத்தான் போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அவற்றில் 30 லட்சம் நம் இந்தியாவில். எனவே இது எங்கோ யாருக்கோ நடப்பது அல்ல.

37 வாரம் முடிவதற்கு முன் பிறப்பது குறைமாதம். பிறந்த எடை 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை. இவர்களோடு, பிறந்தவுடன் அழாதவர்கள், மூச்சுத் திணறுபவர்கள், மஞ்சள் காமாலை அதிகமானவர்கள், தொற்று கண்டவர்கள் எல்லோரையும் சேர்த்து அதிகக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகள் என்கிறார்கள். என் பேத்தி முதல் இரண்டு வகையிலும் இருந்தாள். மூச்சும் சீராக இல்லை.

உள்ளே போன முதல் நாள் என் கண் இயந்திரங்கள் மேல்தான் போயிற்று. தொழில் புத்தி. மேலேயிருந்து சூடு தரும் வார்மர், மூக்கில் காற்றழுத்தம் கொடுக்கும் கருவி, சொட்டு மருந்தை மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்குவரை அளந்து தள்ளும் பம்ப், காலில் கட்டிய சிவப்பு விளக்கு, நான்கு வண்ணத்தில் ஓடும் கோடுகள். இவ்வளவு இயந்திரம் இருக்கிறது, கவலையில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த எண்ணம் ஒரே மணி நேரத்தில் போய்விட்டது.

வார்மரை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் வயிற்றில் ஒரு சிறு உணர்கருவியை ஒட்டியிருப்பார்கள். அது தோலின் சூட்டை அளந்து சொல்ல, வார்மர் தன் சூட்டைக் கூட்டியும் குறைத்தும் கொள்கிறது. சரி, அந்த உணர்கருவி பிய்ந்து படுக்கையில் விழுந்துவிட்டால்? 'குழந்தை குளிர்ந்துவிட்டது' என்று வார்மர் நினைத்துக்கொண்டு சூட்டை ஏற்றும். குழந்தையோ ஏற்கெனவே சூடாக இருக்கும். எங்கள் சிக்னல் பிரிவில் முதல் பாடமே, கருவி பழுதானால் அது ஆபத்தில்லாத பக்கம்தான் விழ வேண்டும் என்பது. கம்பி அறுந்தால் சிக்னல் தானாகவே சிவப்புக்குப் போகும். இங்கே உணர்கருவி கழன்றால் பழுது ஆபத்தான பக்கம் விழுகிறது. அலாரம் உண்டுதான். ஆனாலும் அங்கிருந்த சிஸ்டர் அலாரத்தை நம்பி உட்காரவில்லை. கடந்து போகும்போதெல்லாம் அந்த ஒட்டை விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போனார். கேட்டேன். "மெஷினுக்கு என்ன தெரியும் தாத்தா, அதுக்குக் குழந்தை தெரியாது, ஒட்டுதான் தெரியும்" என்றார். நாகர்கோவில் பக்கத்துப் பெண். வயது முப்பதுக்குள்தான் இருக்கும்.

சூட்டுக்கு ஏன் இத்தனை பாடு? சின்ன டம்ளரில் ஊற்றிய காப்பி, அண்டாவில் இருக்கும் காப்பியைவிட வேகமாக ஆறும் அல்லவா? எடை குறையக் குறைய, எடைக்கு உள்ள விகிதத்தில் மேற்பரப்பு கூடுகிறது. குறைமாதக் குழந்தைக்குத் தோல் மெல்லிசு. அதன் வழியே நீர் ஆவியாகி, சூடும் கூடவே போகிறது. குளிரில் எரித்துச் சூடு உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று உண்டு. அது கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் சேர்வது. இவளுக்கு அந்த வாரங்களே கிடைக்கவில்லை. அக்குளில் வைத்துப் பார்த்தால் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் சூடு உண்டாக்கவே சர்க்கரையும் பிராணவாயுவும் செலவாகிவிடும், வளர்ச்சிக்கு மிச்சமிருக்காது.

இந்தச் சூட்டுப் பிரச்சினைக்கு நம் பெங்களூரிலேயே யோசித்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் தொடங்கி, பிறகு பெங்களூரில் நிறுவனமாக நடத்திய 'எம்பிரேஸ்' என்பது ஒரு சிறு தூக்கப்பை. அதில் மெழுகு போன்ற ஒரு பொருளை உருக்கி வைப்பார்கள். அது உறைந்து முடியும்வரை பல மணி நேரம் 37 டிகிரியிலேயே நிற்கும், மின்சாரம் தேவையில்லை. 'பெம்பு' என்ற பெங்களூர் நிறுவனம் குழந்தையின் கையில் கட்டும் ஒரு வளையம் செய்தது; குழந்தை குளிர்ந்தால் சத்தம் கொடுக்கும். நம் சென்னையில் ஃபீனிக்ஸ் நிறுவனம் வார்மர்களும் இன்குபேட்டர்களும் செய்கிறது. முதல் இன்குபேட்டர் கதையே வேடிக்கை: பாரிஸில் டார்னியே என்ற பிரசவ மருத்துவர், மிருகக்காட்சிசாலையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்து 1880இல் குழந்தைகளுக்கு அதேபோல் செய்யச் சொன்னார்.

இனி பிராணவாயு. இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மூன்றாம் நாள் திரையில் 98 என்று வந்தது. நான் மகிழ்ந்தேன். அலாரம் அடித்தது. சிஸ்டர் வந்து பிராணவாயுவைக் குறைத்தார். எனக்குப் புரியவில்லை; நூற்றுக்கு 98 நல்ல மதிப்பெண்தானே? "வெளியிலிருந்து ஆக்ஸிஜன் கொடுக்கிற குறைமாதக் குழந்தைக்கு 90லேர்ந்து 95 போதும் தாத்தா. கூடினா கண்ணுக்கு ஆகாது" என்றார்.

கண்ணுக்கும் பிராணவாயுவுக்கும் என்ன சம்பந்தம்? கண்ணின் பின்சுவரில் விழித்திரை இருக்கிறது. அதன் இரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து கிளம்பி ஓரம் நோக்கி, ஜங்ஷனிலிருந்து கடைசி ஸ்டேஷனுக்கு லைன் போடுவதுபோல வளர்கின்றன. ஓரம்வரை போய்ச் சேர ஏறத்தாழ 40 வாரம் ஆகிவிடும். 32ஆவது வாரத்தில் பிறந்தால் லைன் பாதியில் நிற்கிறது. வெளியே பிராணவாயு தாராளமாகக் கிடைத்தால் 'இனி லைன் வேண்டாம்' என்று வேலை நின்றுவிடும். சில வாரம் கழித்து விழித்திரை வளர்ந்து, ஓரத்தில் இரத்தம் போதவில்லை என்று கூக்குரலிடும்போது, குழாய்கள் அவசர அவசரமாக, கண்டபடி, முறையில்லாமல் முளைக்கும். அவை கசியும், தழும்பாகும், தழும்பு சுருங்கி விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடும். பிறகு பார்வை திரும்புவது மிக அரிது. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் ஒன்றுமே தெரியாது. குழந்தை அழாது, சிவக்காது, பீளை கட்டாது.

உலகம் இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துப் படித்தது. 1942இல் பாஸ்டனில் டெர்ரி என்ற கண் மருத்துவர் இதை முதலில் எழுதினார். நல்ல வசதியுள்ள, பிராணவாயு தாராளமாகக் கொடுத்த மருத்துவமனைகளில்தான் அதிகம் வந்தது. 1951இல் மெல்போர்னில் கேட் காம்ப்பெல் என்ற பெண் மருத்துவர் பிராணவாயுவைச் சந்தேகித்தார். 1950களின் நடுவில் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வு அதை உறுதி செய்தது. அதற்குள் உலகில் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருந்தார்கள். பயந்துபோய் எல்லோரும் பிராணவாயுவை ஒரேயடியாகக் குறைத்தார்கள். அதனால் வேறு குழந்தைகள் இறந்தன. குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. அந்த 90க்கும் 95க்கும் நடுவே இரவும் பகலும் நிறுத்தி வைப்பது செவிலியரின் கைதான்.

செவிலியரின் கண்ணைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். என் பேத்திக்கு நான்காம் நாள் காமாலை கூடி, கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். இந்த விளக்கு வைத்தியம் வந்ததே ஒரு செவிலியரால். 1956இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், ஜீன் வார்டு என்ற சிஸ்டர் குறைமாதக் குழந்தைகளை வெயில் நாட்களில் முற்றத்துக்கு எடுத்துப் போவார். காற்றும் வெயிலும் நல்லது என்பது அவர் எண்ணம். ஒரு நாள் டாக்டர்களிடம் ஒரு குழந்தையைத் திறந்து காட்டினார்: உடம்பெல்லாம் மஞ்சள் வெளிறியிருந்தது, துணி மூடியிருந்த முக்கோணம் மட்டும் அடர்ந்த மஞ்சள். அங்கிருந்து ஆராய்ச்சி கிளம்பி, 1958இல் கட்டுரையாக வந்தது. (இதைப் படித்துவிட்டு வீட்டில் குழந்தையை வெயிலில் காட்டினால் போதும், டாக்டர் வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அளவு தெரியாத வெயில் வைத்தியம் அல்ல.)

பால் விஷயத்தில் எங்கள் வீட்டாருக்கும் சிஸ்டருக்கும் சிறு போர் நடந்தது. ஊரிலிருந்து வந்த என் அக்கா, குழந்தை நாக்கில் சேனை வைக்க வேண்டும் என்று சீனித் தண்ணீரோடு வந்துவிட்டார். நம் வழக்கம், நல்ல குணமுள்ளவர் கையால் இனிப்புத் தொட்டு வைத்தால் அந்தக் குணம் வரும் என்பது. சிஸ்டர் கும்பிட்டுத் தடுத்தார். குறைமாதக் குழந்தையின் குடல் பிஞ்சு. தாய்ப்பால் தவிர வேறு எது போனாலும் தொற்று, குடல் அழற்சி. "உங்க குணம் வேணும்னா, அவங்க அம்மாகிட்ட பால் கறந்து தரச் சொல்லுங்க பெரியம்மா" என்றார். என் மருமகளிடம் முதல் நாள் வந்ததோ சில சொட்டு மஞ்சள் நிறச் சீம்பால். அதைச் சிலர் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டுவார்கள். அந்தச் சொட்டுகளைச் சிரிஞ்சில் உறிஞ்சிக் கன்னத்தில் தடவினார்கள். பிறகு வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில் இரண்டு மணிக்கு ஒரு முறை 2 மில்லிலிட்டர், பிறகு 4. உறிஞ்சவும், விழுங்கவும், மூச்சு விடவும் மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்யும் திறமை ஏறத்தாழ 34ஆவது வாரத்தில்தான் வருகிறதாம். அது வர ஆரம்பித்ததும் கொடுத்தது எதில் தெரியுமா? நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடைச் சங்கில். பாட்டில் கூடாது, சங்கு நல்லது என்று அந்த நவீனப் பிரிவிலேயே சொன்னபோது என் அக்காவுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டும்! சமாதானம் அங்கேதான் பிறந்தது.

இன்னொரு வேடிக்கை. குறைமாதக் குழந்தைகள் சில நேரம் மூச்சுவிட மறந்துவிடும். மூளையின் அந்தப் பகுதி முதிரவில்லை. அலாரம் அடித்ததும் சிஸ்டர் ஓடி வந்து உள்ளங்காலை மெல்லச் சுண்டுவார், மூச்சு திரும்பும். இதற்குக் கொடுக்கும் மருந்து காஃபீன். ஆமாம், நம் டிகிரி காப்பியில் இருப்பதேதான், அளந்து, மருந்தாக. குடும்பத்தில் அவளுக்குத்தான் முதல் வாரத்திலேயே காப்பி கிடைத்தது என்று என் மனைவி இன்றும் சொல்வாள்.

கை கழுவுவதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மோதிரம், வளையல், கடிகாரம் கழற்றி, முழங்கைவரை. என் நாற்பது வருடக் கல்யாண மோதிரத்தைச் சோப்புப் போட்டுத்தான் கழற்றினேன். ஷிஃப்ட் மாறும்போது ஒரு சிஸ்டர் மற்றவரிடம் ஒவ்வொரு குழந்தைப் படுக்கையாக நின்று, எந்த மருந்து எவ்வளவு, கடைசியாக எப்போது சிறுநீர் போனது, எத்தனை தடவை மூச்சு நின்றது என்று படித்து ஒப்படைத்தது, ஸ்டேஷன் மாஸ்டர்கள் சார்ஜ் ஒப்படைப்பதைப்போலவே இருந்தது.

ஒன்பதாம் நாள் என் மகனைச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்ட குழந்தையை அவன் நெஞ்சில் நிமிர்த்தி, தவளைபோல் கைகால் மடக்கி வைத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, துணியால் கட்டினார்கள். கங்காரு பராமரிப்பு என்று பெயர். 1978இல் கொலம்பியா நாட்டு பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் ரே, மார்ட்டினெஸ் என்ற இரு மருத்துவர்கள் தொடங்கியது. ஏழைக்கு ஏற்ற மாற்று என்றுதான் வெகு காலம் நினைத்தார்கள். பிறகு உலக சுகாதார நிறுவனம், இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், 1 கிலோவிலிருந்து 1,799 கிராம் வரை எடையுள்ள 3,211 குழந்தைகளை வைத்துப் பார்த்தது. முடிவு 2021இல் வந்தது. உடல்நிலை சீராகட்டும் என்று காத்திராமல் பிறந்த உடனேயே தாயின் நெஞ்சில் வைத்த குழந்தைகளில் இறப்பு 12 சதவீதம். வழக்கப்படி முதலில் இயந்திரத்தில் வைத்துப் பிறகு கங்காரு முறைக்கு மாறியவற்றில் 15.7. இப்போது நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் 24 மணி வரை செய்யச் சொல்கிறார்கள். நம் கர்நாடகத்தில் கொப்பள் மாவட்டத்தில், பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தார் மாவட்டம் முழுவதும் இதை நடைமுறைக்குக் கொண்டுவரும் பணியில் ஈடுபட்டார்கள். தாய், தகப்பன், பாட்டி, யாருடைய நெஞ்சும் ஆகும். தாத்தாவுடையதும் ஆகும்; வீட்டுக்கு வந்த பிறகு மாலை நேர டியூட்டி எனக்குத்தான்.

இனி என் தவறு.

இருபத்திரண்டாம் நாள் 1,700 கிராமோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் தாளில் பத்துப் பதினைந்து வரிகள். அதில் ஒன்றின்கீழ் அந்த நாகர்கோவில் சிஸ்டர் சிவப்பு மையால் கோடு போட்டு, ஒரு தேதியும் எழுதியிருந்தார்: விழித்திரைப் பரிசோதனை, பிறந்த 28ஆம் நாள். என் அக்கா, முப்பது நாள் முடியாமல் பச்சைக் குழந்தையை வாசல் தாண்டக் கூடாது என்றார். மகனுக்கு அந்த வாரம் அலுவலகத்தில் வேலை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் குழந்தையின் கண்ணைப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. "முப்பது கழியட்டும், காப்புக் கட்டிவிட்டு நிதானமாக நல்ல நாள் பார்த்துப் போகலாம்" என்று தீர்ப்புச் சொன்னேன். உணர்கருவியை நம்பாத சிஸ்டரைப் பார்த்து வியந்தவன், என் கண்ணை மட்டும் நம்பினேன்.

இருபத்தேழாம் நாள் மாலை சிஸ்டரிடமிருந்து தொலைபேசி வந்தது. நாளைக்கு வருகிறீர்கள்தானே என்றார். நான் சொன்னதைக் கேட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா, நீங்க ரயில்வே. லெவல் கிராஸிங் கேட்டை வண்டி வர்றதுக்கு முந்தி மூடுவீங்களா, போன பிறகா?" என்றார். மறுநாள் காலை எட்டு மணிக்கு நாங்கள் அங்கே இருந்தோம்.

கண்மணி விரியச் சொட்டு மருந்து விட்டு, துணியில் சுற்றி, ஒரு சிஸ்டர் தலையைப் பிடிக்க, டாக்டர் பார்த்தார். இரு கண்ணிலும் நோய் தொடங்கியிருந்தது. ஐந்து நாளில் மறுபடி வரச் சொன்னார். அந்த இரண்டாம் தடவையில் கூடிவிட்டது தெரிந்து, மறுநாளே லேசர் செய்தார்கள். குழாய் போகாத ஓரப் பகுதியை லேசரால் சுட்டுவிட்டால், அங்கிருந்து வரும் கூக்குரல் நின்று, கண்டபடி முளைத்த குழாய்கள் வாடிவிடும். ஓரப் பார்வையில் சிறிது போகும். நடுப் பார்வை தப்பும். நான் சொன்னபடி 'நிதானமாக' போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தார்.

அமெரிக்காவில் 30 வாரமும் அதற்குக் கீழும், அல்லது 1,500 கிராமும் அதற்குக் கீழும் இருந்தால் இந்தப் பரிசோதனை. நம் நாட்டில் அதைவிடப் பெரிய குழந்தைகளுக்கும் வருகிறது. ஆகவே 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் குறைந்தாலோ பார்த்தாக வேண்டும். பிறந்து நான்கு வாரத்தில், எப்படியும் 30 நாளுக்குள். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் 1,200 கிராமுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் இரண்டு மூன்று வாரத்திலேயே. ஒரு தடவை பார்த்து ஒன்றுமில்லை என்றாலும், டாக்டர் போதும் என்று சொல்லும்வரை திரும்பப் போக வேண்டும். இந்த விஷயத்தில் பெங்களூர் உலகத்துக்கே வழி காட்டியது. நாராயண நேத்ராலயா கண் மருத்துவமனை, டாக்டர் ஆனந்த் வினேகர் தலைமையில் 2008இல் 'கிட்ராப்' என்ற திட்டம் தொடங்கியது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் கேமராவை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாவட்ட மருத்துவமனைகளுக்குப் போய், குழந்தையின் விழித்திரையைப் படமெடுத்து அனுப்ப, பெங்களூரில் இருக்கும் மருத்துவர் தன் கைபேசியிலேயே பார்த்து முடிவு சொல்கிறார். அந்தக் கேமரா வெளிநாட்டுச் சரக்கு, விலை அதிகம். பின்னர் பெங்களூரின் ஃபோரஸ் நிறுவனம் இங்கேயே ஒன்று செய்தது. மத்திய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்திலும் இந்த நோய் சேர்க்கப்பட்டிருக்கிறது. அரசு மருத்துவமனையில் நோயுற்ற பச்சிளங் குழந்தைக்குச் சிகிச்சை இலவசம். செலவை நினைத்து யாரும் தயங்க வேண்டாம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது நிதானமாக நின்று கேளுங்கள்: கண் பரிசோதனை எந்தத் தேதி, எங்கே, காது கேட்கும் சோதனை ஆயிற்றா, தடுப்பூசி எப்போது, எடை பார்க்க எப்போது வர வேண்டும். வீட்டில் பாதத்தையும் வயிற்றையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் சரி. பாதம் மட்டும் சில்லென்றால் உடனே நெஞ்சோடு அணையுங்கள். வயிறும் சில்லென்றால், பால் குடிக்க மறுத்தால், மூச்சு விடும்போது விலாவின் கீழ் குழி விழுந்தால், காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணுக்கு மை இட வேண்டாம், மூக்கில் ஊத வேண்டாம், எண்ணெய்க் குளியலுக்கு டாக்டர் சொல்லும்வரை பொறுங்கள். இருமல் சளி உள்ள விருந்தினரை வாசலிலேயே உபசரித்து அனுப்புங்கள், கோபித்துக்கொண்டால் பரவாயில்லை.

பேத்தி இப்போது ஆரம்பப் பள்ளியில் படிக்கிறாள். கிட்டப்பார்வை, கண்ணாடி போடுகிறாள். லேசர் செய்த குழந்தைகளுக்கு அது வரக்கூடும் என்பதால் ஆண்டுதோறும் கண்ணைக் காட்ட வேண்டும். அந்தத் தேதியை இப்போதெல்லாம் நான்தான் காலண்டரில் சிவப்பு மையால் எழுதி வைக்கிறேன்.